நத்தாருக்குத் தபால்காரருக்கும் குப்பை எடுப்பவர்களுக்கும் என்ன கொடுக்கிறீர்கள்?

கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நத்தார் நெருங்கிவிட்டது, அதனால் ஒரு விஷயம் கேட்கிறேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பல வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நாங்கள் இந்த வருடம்தான் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டை விட்டு, டவுனுக்குப் பக்கத்தில் வீடு கட்டி வந்தோம். வீட்டுக்கு இலக்கம் இருக்கிறது. கேட்டில் ஒரு தபால் பெட்டி மாட்டியிருக்கிறோம். இது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. நான் வளர்ந்த லயத்தில் எந்தக் காம்பிராவுக்கும் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். அவருக்கு ஞாபகம் இருந்தால் நம் கைக்கு வரும். என் அண்ணனுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், அந்தத் திகதி போன பிறகுதான் கிடைத்தது. அம்மா அதை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

இப்போது தபால்காரர் மோட்டார் சைக்கிளை மேலே ரோட்டில் நிறுத்திவிட்டு, மழையில் வழுக்கும் படிகளில் இறங்கி வந்து, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவருக்கு நத்தாருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தப் பழக்கம் தெரியாது. லயத்தில் நத்தார் என்றால் பக்கத்துக் காம்பிராக்களுக்குக் கேக்கும் பலகாரமும் கொடுப்போம், தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் தட்டு நம் வீட்டுக்கு வரும். அதன் முறை எங்களுக்குத் தெரியும். இதன் முறை தெரியவில்லை.

வாசலுக்கு வருகிறவர்களைச் சொல்கிறேன். தபால்காரர். செவ்வாயும் வெள்ளியும் வரும் குப்பை ட்ரக்டரில் ஓட்டுகிறவர் ஒருவர், பின்னால் ஏறி இறங்குகிறவர்கள் இரண்டு பேர். விடியமுன் பேப்பர் போடுகிற தம்பி, ஓ.எல். எழுதிவிட்டு இருக்கிற பிள்ளை. பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோ அண்ணன். மாதம் ஒரு முறை கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர். காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துப் படி இறக்கித் தருகிற கடைப் பையன்.

நான் மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் ஆசிரிய உதவியாளராகச் சேர்ந்தவள். இப்போது வேலை நிரந்தரம், ஆனாலும் வீட்டுக் கடன் இருக்கிறது. எல்லோருக்கும் பெரிய தொகை கொடுக்க முடியாது. ஆளுக்கு 500 கொடுத்தால் குறைவென்று நினைப்பார்களா? காசு நல்லதா, கேக்கும் பொருளும் நல்லதா? ட்ரக்டரில் வருகிறவர்களில் ஒருவர் அடிக்கடி மாறுகிறார், அவருக்கு எப்படி? அப்புறம் பக்கத்து வீட்டு அங்கிள், தபால்காரருக்குக் காசு கொடுத்தால் அது இலஞ்சம், மாட்டிக்கொள்வது அவர்தான் என்கிறார். இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. நல்லது செய்யப் போய் அவர் வேலைக்கு வினை வைக்க எனக்கு விருப்பம் இல்லை.


ஹட்டன் கடைவீதி:

டீச்சர், நாங்கள் சைவம், வீட்டில் தீபாவளிக்குத்தான் கொடுப்போம். ஆனால் கடைக்கு முன்னால் ரோடு கூட்டுகிறவர்களுக்கு டிசம்பரிலும் தனியாகக் கொடுக்கிறேன். டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கிவிடும், மே மாத வெசாக் வரை ஓயாது. ரயிலில் வந்து ஹட்டனில் இறங்கும் சனம் முழுக்க ஸ்டேஷனையும் பஸ் ஸ்டாண்டையும் கடந்துதான் மஸ்கெலியா பக்கம் போகும். சாப்பாட்டுப் பார்சல் சுற்றிய தாள், தண்ணீர்ப் போத்தல், வாந்தி எடுத்த பை, எல்லாம் விடியும்போது ரோட்டில் கிடக்கும். நான் கடை திறக்கும் நேரத்தில் ஒன்றும் இருக்காது. யார் எடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால் கொடுக்காமல் இருக்க முடியாது.

500 குறைவா என்று கேட்டீர்கள். குறைவில்லை. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024 செப்டெம்பரில்தான். அந்தக் கணக்கில் 500 என்பது ஒரு நாள் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. பேப்பர் தம்பிக்கும் பாண் அண்ணனுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். காஸ் பையனுக்கு முதலாளி கையில் கொடுக்காதீர்கள், பையன் கையிலேயே கொடுங்கள். நான் ஒரு முதலாளி, தெரிந்துதான் சொல்கிறேன்.

ஒரு தொகையைத் தீர்மானித்தால் அடுத்த வருடமும் அதைக் கொடுக்கக்கூடியதாகப் பாருங்கள். முதல் வருடம் 2,000 கொடுத்துவிட்டு அடுத்த வருடம் 300 கொடுத்தால், நாம் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று அந்த மனிதர் நினைத்து வருந்துவார்.


பழைய தபாலதிபர்:

டீச்சர் மகளுக்கு, நான் உப தபால் நிலையம் ஒன்றில் தொடங்கி, நுவரெலியா மாவட்டத்தில் பல இடங்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். உங்கள் கேள்வி என்னை நேராகத் தொடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வீணாகப் பயமுறுத்தவில்லை. 1954ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டம் வந்த காலத்திலிருந்தே, அரச ஊழியர் தன் கடமையைச் செய்ததற்காகப் பரிசோ பணமோ வாங்குவது குற்றம். இப்போது அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. தபால்காரர் அரச ஊழியர். பிரதேச சபை, நகர சபை ஆட்களும் அதற்குள் வருகிறவர்கள்தான். ஆகவே தபால்காரர் கையில் நோட்டைத் திணிக்காதீர்கள். முக்கியமாக, பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கும்போதோ, காசுக்கட்டளை வந்திருக்கும்போதோ எதையும் நீட்டாதீர்கள். உங்கள் மனதில் அது அன்பளிப்பாக இருக்கலாம். பார்க்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது அந்தக் கடிதத்துக்குக் கொடுத்த கூலியாகத்தான் தெரியும். யாராவது "நத்தார் வருகிறதுதானே" என்று வாயால் கேட்டு நின்றால் அது அன்பளிப்பே இல்லை. அதை முறையிட இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

நான் என் வேலைக் காலத்தில் பணம் வாங்கியதில்லை. வாசலில் தந்த தேநீரையும் கேக்கையும் மறுத்ததும் இல்லை. என் தபால்காரர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சூடாக ஏதாவது கொடுங்கள். இந்தக் குளிரில் நனைந்து வருகிறவருக்கு அதன் அருமை தெரியும். இன்னும் கொடுக்க ஆசை என்றால், ஒரு முழுக் கேக்கைத் தபால் நிலையத்துக்கே கொண்டுபோய், எல்லோருக்கும் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தபாலதிபருக்குத் தெரியும், கவுண்டரில் இருக்கிறவருக்குத் தெரியும், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், மறைவு ஒன்றும் இல்லை. அங்கே பதில் தபால்காரர் ஒருவர் இருப்பார், நிரந்தரக்காரர் லீவு போட்டால் பை தூக்குகிறவர். வீடு வீடாகக் கொடுக்கும்போது அவர் எப்போதும் விடுபட்டுப் போவார். நிலையத்துக்குக் கொடுத்தால் அவருக்கும் ஒரு துண்டு போகும்.

தபால்காரரின் டிசம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் காலத்தில் நத்தார் வாழ்த்து அட்டைகள் சாக்குச் சாக்காக வரும். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் இரவுத் தபால் ரயிலில் வந்து நானுஓயாவில் இறங்கும். நுவரெலியாவின் அந்தச் சிவப்புச் செங்கல் தபால் நிலையம், 1894இல் கட்டியது, அதற்குள் நின்று பிரித்துப் பிரித்து விரல் மரத்துப்போகும். இப்போது அட்டைகள் அருகிவிட்டன. 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாயிலிருந்து 50 ஆனதும் இன்னும் குறைந்தது. ஆனால் வேலை குறைந்தது என்று நினைக்காதீர்கள். பார்சல், வங்கிக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, தேர்தல் வந்தால் வாக்காளர் அட்டை. கடிதம் ஒன்றுதான் என்றாலும் மலையில் ஏறுகிற படி அதே படிதான். தேயிலைக்குள் குறுக்கு வழியில் போனால் காலில் அட்டை ஏறும், குளவி கலைந்தால் ஓட இடம் இருக்காது. குளவி கொட்டி உயிர் போன கொழுந்து பறிக்கிறவர்களை நான் அறிவேன். தபால்காரரும் அதே பாதையில்தான் நடக்கிறார்.

இப்போது நீங்கள் கேட்காத ஒரு ஆளைப் பற்றி. உங்கள் லயத்துக் கடிதத்தை எங்கள் திணைக்களத்துத் தபால்காரர் கொண்டுவரவில்லை, அதைச் சரியாகச் சொன்னீர்கள். தோட்டத்திலிருந்து ஒருவர் பூட்டுப் போட்ட பையோடு தபால் நிலையத்துக்கு வருவார். நாங்கள் கடிதங்களைப் போட்டுக் கொடுப்போம், அவர் சுமந்துகொண்டு ஏறுவார். பை ஆபிசில்தான் திறக்கும். அதற்குப் பிறகு கடிதம் எங்கே தங்கியது, யார் பிரித்தார்கள் என்பது அவர் கையில் இல்லை. உங்கள் அண்ணனுக்கு நடந்தது போல் எத்தனையோ பிள்ளைகளுக்கு நடந்ததை நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகக் கடிதம் பிந்தி, தகப்பனார் வந்து என் முன்னால் அழுதிருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒவ்வொரு காம்பிராவுக்கும் முகவரி கொடுத்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

ஆனால் பை சுமந்த மனிதருக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை. திணைக்களத்து ஆள் இல்லை, சீருடை இல்லை, அதனால் தபால்காரர் என்ற கணக்கிலும் அவர் இல்லை. ஆபிசில் நடந்ததற்கும் சேர்த்து லயத்து ஆட்களிடம் ஏச்சு வாங்கியது மட்டும் அவர்தான். உங்கள் பழைய தோட்டத்தில் அப்படி ஒருவர் இன்னும் இருந்தால், நத்தாருக்கு முதலில் அவரை நினையுங்கள். அவர் அரச ஊழியரும் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம்.


நியூ ஜெர்சியில் ஒரு பதுளைக்காரன்:

ஐயா சொன்னதைப் படித்தபோது இங்குள்ள விதிதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் தபால்காரருக்குப் பணமாகக் கொடுக்கவே கூடாது. ஒரு தடவைக்கு 20 டொலர் அல்லது அதற்குக் குறைந்த பொருள் கொடுக்கலாம். ஒருவரிடமிருந்து வருடம் முழுவதற்கும் 50 டொலரைத் தாண்டக் கூடாது. காசாக மாற்றக்கூடிய கார்டும் காசு மாதிரித்தான். குப்பை எடுப்பவர்களுக்கு ஊருக்கு ஊர் வேறு விதி, ஏனென்றால் சில இடங்களில் அவர்கள் நகராட்சி ஆட்கள், சில இடங்களில் தனியார் கம்பனி. அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் வாசல் காவலருக்கும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் டிசம்பரில் உறை கொடுப்பது இங்கே ஏறக்குறையக் கட்டாயம் போல ஆகிவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கொடுக்காதவர் வீட்டுக் குழாய் பிந்தித்தான் திருத்தப்படும் என்ற பயத்தில் கொடுப்பது கொடுப்பதே இல்லை. நம் ஊரில் அந்த நிலை வரக் கூடாது என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் டிசம்பர் 26க்குப் பொக்சிங் டே என்று பெயர் வந்ததே, வேலையாட்களுக்கும் வீட்டுக்குச் சாமான் கொண்டுவருகிறவர்களுக்கும் நத்தார்ப் பெட்டி கொடுத்த வழக்கத்தால்தான் என்பார்கள். துரைமார் காலத்தில் பங்களாக்களில் அந்த வழக்கம் இருந்திருக்கும். லயத்துக்கு வந்து சேரவில்லை.

நாங்கள் எங்கள் தபால்காரருக்கு ஊவா தேயிலைப் பக்கற் ஒன்றும் ஒரு கம்பளிக் கையுறையும் வாழ்த்து அட்டையோடு கொடுக்கிறோம். தேயிலையைப் பற்றிக் கேட்டார். என் அம்மா பறித்த மலையின் பெயரைச் சொன்னேன்.


நகரசபை லயத்துப் பிள்ளை:

நான் எழுதுவது குப்பை ட்ரக்டரின் பின்னால் நிற்கிறவர்களுக்காக. என் அப்பா நகரசபையில் குப்பை எடுத்தவர், அம்மா ரோடு கூட்டியவர். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் தேயிலைக்கு ஆள் கொண்டுவந்தது போலவே டவுன்களைத் துப்புரவாக்கவும் தென்னிந்தியாவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்தான். கண்டி மஹியாவையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மாதிரி எங்கள் ஊரிலும் ஒரு லயம் இருந்தது, அங்கேதான் பிறந்தேன்.

டீச்சர், எவ்வளவு என்று கேட்டீர்கள். நான் எப்படி என்பதைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் அப்பாவுக்கு நத்தாருக்கும் தீபாவளிக்கும் கொடுத்த வீடுகள் நிறைய. அதில் பாதிப் பேர் காசை மதிலின் மேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கொள்" என்று சொல்லி உள்ளே போய்விடுவார்கள். கை பட்டுவிடக் கூடாதாம். தேநீர் கொடுத்தால் அதற்கென்று வெளியே கவிழ்த்து வைத்த தகரக் குவளையில் கொடுப்பார்கள், குடித்துவிட்டு அப்பாவே கழுவி அதே இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். அப்பா அந்தக் காசை எடுத்தார், எங்களுக்கு உடுப்பு வாங்கித் தந்தார். ஆனால் பாடசாலை லீவு நாளில் நான் கூடப் போனால், அந்த வீடுகள் வரும்போது என்னை ட்ரக்டரின் மறுபக்கம் நிற்கச் சொல்வார். ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஆகவே காசோ பொருளோ, கையில் கொடுங்கள். தபால்காரருக்கு எந்தக் கோப்பையோ அதே கோப்பையில் இவர்களுக்கும் தேநீர் கொடுங்கள். கேக்கைத் தட்டில் வைத்து நீட்டுங்கள். கை அழுக்காக இருக்கிறது என்று அவர்கள் பின்வாங்குவார்கள், அப்போது குழாயைக் காட்டி, சவர்க்காரத்தைக் கொடுங்கள். நத்தாரன்று பழைய உடுப்பைக் கொடுக்காதீர்கள். கொடுக்க விருப்பமென்றால் வேறொரு நாள், கேட்டுவிட்டுக் கொடுங்கள். 26ஆம் திகதி மிச்சச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கவே கூடாது.

பழைய தபாலதிபர் ஐயா சட்டத்தைச் சொன்னார், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே நிறுவையில் நிறுத்தால் இவர்கள் பக்கம் எப்போதும் தட்டு மேலேதான் நிற்கும். ட்ரக்டரில் மாறி மாறி வருகிறார் என்றீர்களே, அவர் பெரும்பாலும் அமைய ஊழியராக இருப்பார். வேலைக்குப் போன நாளுக்குத்தான் சம்பளம். நிரந்தர ஊழியருக்குப் பண்டிகை முற்பணம் கிடைக்கும், அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நத்தார்ச் செலவு நாம் கொடுப்பதில்தான் ஓடும். காசு கொடுக்கத் தயக்கம் என்றால் உலர் உணவுப் பொதி கொடுங்கள். அரிசி, பருப்பு, சீனி, பால்மா, ஒரு டின் மீன். மூன்று பேருக்கும் ஒரே அளவு, ஒரே நேரத்தில், தெருவில் எல்லோரும் பார்க்க. ஓட்டுகிறவர் கையில் மொத்தமாகக் கொடுத்து, பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாதீர்கள். ரோடு கூட்டுகிற பெண்கள் ட்ரக்டரில் வரமாட்டார்கள், அதனால் வீட்டுக்காரர்களின் கணக்கில் அவர்கள் இல்லை. என் அம்மாவுக்கு வருடக்கணக்காக யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை.

எனக்கு மறக்காத வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டம்மா டிசம்பர் தொடக்கத்தில் அப்பாவிடம் கால் அளவைக் கேட்டார். நத்தாருக்குச் சரியான அளவில் ஒரு ஜோடி கம்பூட்ஸ், அதாவது ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். வேலைக்குக் கொடுத்திருந்த பூட்ஸ் அப்பாவுக்குப் பெரிது, துணியை அடைத்துத்தான் போடுவார், கால் ஈரத்தில் ஊறி விரலிடை வெடித்திருக்கும். புதுப் பூட்ஸோடு அந்த மாரி முழுக்க அவர் கால் காய்ந்திருந்தது. விலை கூடிய பொருள் இல்லை. ஆனால் அவர் காலைப் பார்த்து வாங்கியது.

இன்னொன்று, இது வருடம் முழுவதற்கும். உடைந்த கண்ணாடியைக் கடதாசியில் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று எழுதி வையுங்கள். அப்பாவின் உள்ளங்கையில் வெட்டுத் தழும்பு இல்லாத இடம் இல்லை. உக்கும் குப்பையையும் உக்காததையும் கலக்காதீர்கள். நத்தார் முடிந்து வரும் போத்தல்களையும் கார்ட்போர்ட் பெட்டிகளையும் கழுவி, தனியாகக் கட்டி வையுங்கள். அதை விற்றால் அவர்களுக்கு நாலு காசு கிடைக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை சரிந்தபோது, சேற்றையும் அழுகிய குப்பையையும் அள்ள இறங்கியவர்களில் இந்த ஆட்களும் இருந்தார்கள். அவர்களுடைய லயங்களுக்கு மேலேயும் அதே மலைதான் நின்றது.


கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. லயத்துப் பிள்ளை எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். அம்மா தோட்டத்தில் வாசக்கூட்டி வேலை பார்த்தவர். லயத்து வாசலையும் கானையும் கூட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் அலமாரியிலிருந்து விருந்தாளிக்கு வைத்திருந்த கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்துவிட்டார். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

இப்படிச் செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். கேக்குக்கு ரவை வறுத்தாயிற்று, கஜுவும் பூசணிக்காய் தோசியும் வெட்டி வைத்திருக்கிறோம். இரண்டு தட்டு போடுவோம். ஒன்றைத் தபால் நிலையத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்கள் தபால்காரருக்கு வாசலில் தேநீரும் கேக்கும், மீட்டர் பார்க்கிறவருக்கும் அதேதான். பேப்பர் தம்பிக்கும் பாண் அண்ணனுக்கும் காஸ் பையனுக்கும் உறையில் ஆளுக்கு 500. ட்ரக்டர் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி உலர் உணவுப் பொதி, ஒன்று கூடுதலாகக் கட்டி வைப்பேன், புது ஆள் வந்தாலும் வெறுங்கையோடு போகக் கூடாது. எங்கள் ரோட்டை வளைவு வரை ஒரு அக்கா கூட்டுகிறார் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவருக்கும் ஒன்று.

தபாலதிபர் ஐயா சொன்ன பை சுமந்தவர் எங்கள் பழைய தோட்டத்தில் இருக்கிறார். இப்போது கீழ் லயத்தில் மகள் வீட்டில். அவருக்கு ஒரு சாரமும் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளியும் வாங்கச் சொல்லி அம்மா காசு கொடுத்துவிட்டார். அண்ணன் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்கிறான்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். பூட்ஸ் விஷயம் மனதில் நிற்கிறது. மூன்று பேருக்கும் இந்த வருடம் முடியாது. ஒருவருக்கு மட்டும் வாங்கினால் மற்றவர்கள் மனம் நோகாதா?


நகரசபை லயத்துப் பிள்ளை:

நோகும், டீச்சர். ஒருவருக்கு மட்டும் வேண்டாம். உங்கள் ரோட்டில் எத்தனை வீடு என்று பாருங்கள். நான்கைந்து வீடு சேர்ந்தால் மூன்று பேருக்கும் கூட்டுகிற அக்காவுக்கும் வாங்கிவிடலாம். அக்காவை மறக்காதீர்கள், பெண்கள் அளவு சின்னது, அதைத் தனியாகத் தேட வேண்டும். கால் அளவை நேராகவே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.


ஹட்டன் கடைவீதி:

கம்பூட்ஸ் என் கடையில் இல்லை, ஆனால் எடுக்கிற இடம் தெரியும். அளவுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள், லாபம் வைக்காமல் எடுத்துத் தருகிறேன். சின்ன அளவு கொழும்பிலிருந்து வர வேண்டியிருக்கும், அதனால் அக்காவிடம் இந்தக் கிழமைக்குள் கேட்டுவிடுங்கள். ட்ரக்டர் ஆட்களிடம் வெள்ளிக்கிழமை வரும்போது கேட்டால் போதும். பக்கத்து வீட்டு அங்கிளையும் பங்குக்குச் சேருங்கள்.